எதிராளி இல்லாத கட்டுரை: வாசகர் கேள்வி பதில்

கல்லூரி திறந்து இரண்டு மாதம் ஆனதும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் குரல் மாறிவிடும். விடுதிச் சாப்பாடு, ராகிங் பயமெல்லாம் ஓய்ந்து, முதல் அசைன்மென்ட் திருத்தி வந்த கோபம் தொடங்கும். அப்படி வந்தவற்றில் ஆறை இந்த முறை எடுத்துக்கொண்டேன். முதல் கடிதமே பாதி இடத்தைச் சாப்பிட்டுவிட்டது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: ஐயா, நான் பி.ஏ. பொருளியல் முதலாமாண்டு. பள்ளியில் கட்டுரை, பேச்சு இரண்டிலும் பரிசு வாங்கியவள். 'பள்ளி மதிய உணவுத் திட்டம் தேவையா?' என்ற தலைப்பில் ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பத்துக்கு நான்குதான் கிடைத்தது. ஓரத்தில் சிவப்பு மையில் 'சரி, நீ என்ன சொல்கிறாய்?' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும்தானே சொல்லியிருக்கிறேன்! நகல் இணைத்திருக்கிறேன். எங்கே தவறு?
(கல்லூரி மாணவி, திருவண்ணாமலை)

பதில்: இரண்டு முறை படித்தேன் அம்மா. நல்ல நடை, சந்திப்பிழைகூட அதிகமில்லை, பரிசு கொடுத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவில்லை. 'நாளைய பாரதத்தின் தூண்களாம் இன்றைய மாணவச் செல்வங்கள்' என்று ஆரம்பித்து, 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது, 1956-இல் காமராசர் ஆட்சியில் விரிந்தது, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கியது, கருணாநிதி ஆட்சியில் முட்டை வந்தது, 2022 செப்டம்பரில் ஸ்டாலின் மதுரையில் காலை உணவைத் தொடங்கி வைத்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறீர்கள். ஒன்றும் தப்பில்லை. ஆனால் இதைப் படிக்கிற ஒருவர் எந்த வரியில் நிறுத்தி 'இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்' என்று சொல்வார்? தேடிப் பார்த்தேன், அப்படி ஒரு வரிகூட இல்லை. உங்கள் பேராசிரியர் கேட்டதும் அதைத்தான்.

பள்ளிக் கட்டுரை என்றால் முன்னுரை, நாலைந்து உட்தலைப்பு, முடிவுரை. உட்தலைப்புக்கு அடிக்கோடு இருக்கிறதா, மேற்கோள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே டிக் அடித்துவிட்டுப் போவார்கள். அதில் எதிராளியே கிடையாது. மேடையில் நீங்கள், கீழே கைதட்டக் காத்திருக்கும் கூட்டம், அவ்வளவுதான். கல்லூரிக் கட்டுரையை ஒரு பஞ்சாயத்து என்று நினைத்துக்கொள்ளுங்கள். எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். விவரம் தெரிந்தவர், நல்லவரும்கூட, ஆனால் நீங்கள் சொல்வதை அவர் இன்னும் நம்பவில்லை. அவரை ஜெயிக்க வேண்டும் என்பதுகூட இல்லை, 'சரி, நீ சொல்வதிலும் விஷயம் இருக்கிறது' என்று அவர் வாயால் வரவழைத்தால் போதும்.

அதற்கு முதல் வேலை, சண்டை உண்மையில் எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிப்பது. 'பசித்த பிள்ளைக்குச் சோறு போட வேண்டும்' என்று எழுதினால் யார் மறுக்கப்போகிறார்கள்? உங்கள் தலைப்பில் சண்டை 'தேவையா' என்பதில் இல்லை, 'எப்படிக் கொடுப்பது' என்பதில் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 15-இல் மத்திய அரசு நாடு முழுக்க ஆரம்பப் பள்ளிகளுக்கு உணவு உதவித் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது தமிழ்நாடு மாதிரி சில இடங்களில்தான் சமைத்துப் போட்டார்கள். பல மாநிலங்களில் 80 சதவீத வருகை இருந்தால் மாதம் மூன்று கிலோ தானியம் என்று கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் 2001 நவம்பர் 28-இல், மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது: அரசு, அரசு உதவி பெறும் ஆரம்பப் பள்ளிகளில் சமைத்த உணவே தர வேண்டும், குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள். பார்த்தீர்களா, அரிசியா சோறா என்பதே ஒரு பெரிய வழக்கின் நடுவில் இருந்திருக்கிறது. உங்கள் ஆறு பக்கத்தில் இது ஒரு வரிகூட இல்லை.

இப்போது ஒரு பக்கம் எடுங்கள். 'அரிசியாகக் கொடுப்பதைவிடச் சோறாகப் போடுவதே சரி' என்று வைத்துக்கொள்வோம். 'உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்று எழுதி முடித்துவிடாதீர்கள். பெரியவர்கள் சொன்னார்கள் என்பது காரணம் ஆகாது, அவர்கள் ஏன் சொன்னார்கள் என்பதுதான் காரணம். வீட்டுக்குப் போன மூன்று கிலோ பானையில் விழுந்ததும் வீட்டு அரிசியாகிவிடுகிறது. அதில் அப்பாவுக்கு எவ்வளவு, தம்பிக்கு எவ்வளவு, பள்ளிக்குப் போகிற பெண்ணுக்கு எவ்வளவு என்று எந்த அதிகாரியும் அளக்க முடியாது. பள்ளியில் தட்டில் விழுந்த சோறு அந்தப் பிள்ளையின் வயிற்றுக்குத்தான் போகும். இதுவே உங்கள் முதுகெலும்பு. மற்றதெல்லாம் இதில் வந்து ஒட்ட வேண்டும், ஒட்டாததை வெட்டிவிடுங்கள், 1920 ஆயிரம் விளக்கு உட்பட (எனக்கும் அது பிடித்த விவரம்தான், இருந்தாலும்).

இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று, 1982-க்குப் பிறகு பள்ளி வருகை கூடியது, ஆகவே சத்துணவால்தான் கூடியது என்று நான்காம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். காக்கை உட்கார்ந்தது, பனம்பழமும் விழுந்தது. அதே காலத்தில் புதுப் பள்ளிகள் வந்தன, சாலை வந்தது, பேருந்து வந்தது. 'சத்துணவும் ஒரு காரணம்' என்று எழுதினால் எதிராளியால் ஒன்றும் செய்ய முடியாது. 'சத்துணவே காரணம்' என்று எழுதினால் ஒரே ஒரு கேள்வியில் கவிழ்த்துவிடுவார். இன்னொன்று, பந்தியில் சேர்ந்து உட்காருவதால் சாதி ஒழிகிறது என்ற வரி. ஆசை நல்ல ஆசை. ஆனால் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர் தகராறு செய்த செய்திகள் நம் ஊர் நாளிதழ்களிலேயே வந்திருக்கின்றன. அதைத் தெரிந்தும் மறைத்தால் கட்டுரை முழுவதன் மேலும் சந்தேகம் விழும். 'தகராறு வருகிறது என்பதே, சமையலறை சாதியைத் தொடுகிறது என்பதற்குச் சாட்சி' என்று எழுதலாமே. அது உங்கள் பக்கத்துக்கே வலு.

எதிராளியின் பலமான அடி எது தெரியுமா? கும்பகோணம். 2004 ஜூலை 16. 94 பிள்ளைகள். தீ பிடித்தது மதிய உணவு சமைத்துக்கொண்டிருந்த கூரைக் கொட்டகையில். அடுத்தது 2013-இல், அதே ஜூலை 16, பீகார் சரண் மாவட்டத்துக் கிராமப் பள்ளி, பூச்சிமருந்து கலந்த சாப்பாட்டில் 23 பிள்ளைகள். 'அரிசியாகக் கொடுத்திருந்தால் இவர்கள் இன்றைக்கு இருந்திருப்பார்கள்' என்று ஒருவர் சொன்னால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? நீங்கள் கும்பகோணத்தை எழுதவே இல்லை. எழுதினால் கட்டுரை பலவீனமாகிவிடும் என்று நினைத்திருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் படிக்கும்போது ஒரு கருத்தரங்கில் எனக்கு ஆகாத ஆதாரத்தை விட்டுவிட்டுப் போய், முன்வரிசையில் இருந்த ஒருவர் அதையே எடுத்துக் கேட்டு, கையில் இருந்த தாள் நனையும் அளவுக்கு வியர்த்துப்போய் நின்றிருக்கிறேன். அதை நீங்களே எடுத்துப் போடுங்கள். போட்டதும் உங்கள் வாதம் கொஞ்சம் மாறும், மாறட்டும். 'சமைத்துத்தான் போட வேண்டும்' என்பது 'வகுப்பறையைத் தொடாத தனிக் கட்டடத்தில், பொருளைப் பார்த்து வாங்கி, பிள்ளைகளுக்கு முன் ஒரு பெரியவர் சாப்பிட்டுப் பார்த்து, சமைத்துத்தான் போட வேண்டும்' என்று ஆகும். இது முன்னதைவிடச் சிறிய வாதம், ஆனால் அசைக்க முடியாதது. 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது இங்கேயும் உலர்பொருளாகத்தான் கொடுத்தார்கள், அதையும் ஒரு வரியில் ஒத்துக்கொண்டுவிடுங்கள்.

உங்கள் முதல் பத்தியை நான் இப்படி எழுதுவேன்:

'1995-இல் மத்திய அரசு பள்ளி உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பல மாநிலங்கள் அடுப்பே பற்றவைக்கவில்லை. மாதம் மூன்று கிலோ தானியத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்பின. செலவும் தொல்லையும் குறைவு. ஆனால் அந்தத் தானியத்தில் அந்தப் பிள்ளை சாப்பிட்டது எவ்வளவு என்று சொல்ல வழியில்லை. பள்ளி உணவு பிள்ளைக்கே சேர வேண்டுமானால் பள்ளியிலேயே சமைத்துப் போட வேண்டும் என்பது என் வாதம். கும்பகோணத்துக்குப் பிறகும் இதைச் சொல்ல முடியுமா என்ற கேள்வியையும் தவிர்க்காமல் எடுத்துக்கொள்கிறேன்.'

தூண்கள் எங்கே என்று கேட்காதீர்கள். வெட்டிவிட்டேன்.

கேள்வி: கட்டுரையில் 'நான்' என்று எழுதலாமா? எங்கள் துறையில் ஒருவர் எழுதச் சொல்கிறார், இன்னொருவர் அடிக்கிறார்.
(முதுகலை மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: அடிப்பவரின் தாளில் எழுதாதீர்கள், அவ்வளவுதான்! துறைக்குத் துறை பழக்கம் வேறு, ஆய்வகக் குறிப்பில் ஒட்டாதது இலக்கியக் கட்டுரையில் இயல்பாக வரும். எனக்கு 'நான்' பற்றிக் கவலை இல்லை. 'கருதப்படுகிறது', 'கூறப்படுகிறது', 'பரவலாக நம்பப்படுகிறது' மூன்றையும் பார்த்தால்தான் பேனாவைக் கையில் எடுப்பேன். யாரால் கருதப்படுகிறது? எழுதியவர் கருதுகிறார், சொல்லப் பயந்து 'படு'வுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். இல்லையென்றால் ஒரே ஒருவர் எங்கோ எழுதியதைப் படித்துவிட்டு அதை ஊரே சொல்வதாக ஆக்கிவிடுகிறார். உங்கள் கட்டுரையில் 'படுகிறது' வரும் இடமெல்லாம் வட்டம் போட்டு, பக்கத்தில் ஆள் பெயரை எழுதிப் பாருங்கள். பெயர் கிடைக்காத வாக்கியத்தை எடுத்துவிடலாம்.

கேள்வி: கட்டுரையில் குறளை எங்கே வைத்தால் மதிப்பெண் கூடும், முதலிலா கடைசியிலா?
(பி.காம். மாணவர், விருதுநகர்)

பதில்: வணிகவியல் கட்டுரையில் ஜி.எஸ்.டி. பற்றி எழுதிவிட்டுக் குறளில் முடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். குறள் அழகு, ஆனால் ஆதாரம் இல்லை. ஜி.எஸ்.டி. விகிதம் சரியா தப்பா என்று வள்ளுவர் சாட்சிக்கு வரமாட்டார். வரியைப் பற்றி அந்தக் காலத்தில் என்ன எண்ணம் இருந்தது என்பது உங்கள் கட்டுரையின் பொருளாக இருந்தால் மட்டும் கூப்பிடுங்கள்.

கேள்வி: எம்.ஏ. தமிழ் படிக்கிறேன். எதிர்வாதத்தை முதலில் சொல், பிறகு மறு என்றெல்லாம் இப்போது பயிலரங்கம் நடத்துகிறார்கள். இதெல்லாம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து இறக்குமதி ஆனதுதானே? நம் மரபில் புகழ்ச்சியும் உரையும்தானே உண்டு?
(தஞ்சாவூர் வாசகர்)

பதில்: தஞ்சாவூரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா! நன்னூல் பாயிரத்தைப் பாடமாகத்தானே வைத்திருப்பார்கள், எடுத்துப் பாருங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் நூலுக்கு உரிய எழுவகை மதம் என்று ஒரு பட்டியல் தருகிறார். மதம் என்றால் இங்கே கொள்கை, நிலைப்பாடு. பிறர் கருத்துக்கு உடன்படுவது ஒன்று, மறுப்பது ஒன்று, இதுவரை சரி. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: பிறர் மதத்தை மேற்கொண்டு களைவது. அதாவது எதிராளி சொல்வதை முதலில் ஏற்றுக்கொண்டு, அவர் கூடவே கொஞ்ச தூரம் நடந்துபோய், அங்கே வைத்து அது எப்படி நிற்காமல் போகிறது என்று காட்டுவது. பயிலரங்கத்தில் உங்களுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டியது இதுவேதான். நான்காவது, தானே ஒரு கருத்தை நாட்டி அதைக் கடைசிவரை நிலைநிறுத்துவது. ஐந்தாவது, இரண்டு பேர் மாறுபட்டு நிற்கும்போது ஒரு பக்கம் துணிவது. ஆறாவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது. ஏழாவது, பிறரோடு எதிலும் சேராமல் தன் மதத்தையே கொள்வது. இந்த ஏழையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, நீங்கள் கடைசியாக எழுதிய கட்டுரையின் ஒவ்வொரு பத்தியும் எதில் வருகிறது என்று குறித்துப் பாருங்கள். பெரும்பாலான மாணவர்களுக்கு முதல் மதத்திலேயே கட்டுரை முடிந்துவிடும்: அவர் சொன்னார், உடன்படுகிறேன், இவர் சொன்னார், இவருக்கும் உடன்படுகிறேன்.

சைவ சித்தாந்தத்தில் சிவஞான சித்தியாரைப் பாருங்கள். நூலே இரண்டு பாகம், பரபக்கம் (பிறர் கட்சி), சுபக்கம் (தன் கட்சி). பரபக்கத்தில் உலகாயதர், பௌத்தர், சமணர் என்று ஒவ்வொருவர் கொள்கையையும் முதலில் விரித்துச் சொல்லிவிட்டு அதன் பிறகுதான் மறுதலை. தன் கட்சிக்கு வருவதற்கு முன்னால் ஒரு பாகம் முழுக்க மற்றவர்களுக்கு! நம் ஆட்கள் இரண்டு வரிகூடத் தர மாட்டேன் என்கிறார்கள்.

இறக்குமதி என்று சொல்ல வேண்டுமானால் அடிக்குறிப்பு போடும் முறையைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். பழைய உரைகளில் 'என்ப', 'என்பாரும் உளர்' என்று போய்விடுவார்கள், யார் அந்த உளர் என்று தேடி நாம்தான் அலைய வேண்டும்.

கேள்வி: என் மகன் பொறியியல் இரண்டாமாண்டு. எல்லாக் கட்டுரையையும் சாட்ஜிபிடியில் எழுதி வாங்கிக் கொடுக்கிறான். கேட்டால் 'மற்றவர் எழுத்தோடு ஒற்றுமை பத்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் யுஜிசி விதிப்படி தப்பில்லை அம்மா' என்கிறான். உண்மையா?
(ஒரு தாய், சேலம்)

பதில்: எழுத்துத் திருட்டுக்கு எதிராக விதி உண்டு. 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கொண்டுவந்தது, பத்து சதவீதம் வரை தண்டனை இல்லை என்று அதில் இருப்பதும் சரிதான். ஆனால் அது ஆய்வேடு, ஆய்வுக் கட்டுரைகளை மனத்தில் வைத்து எழுதியது. அந்த எண் சொல்வது இன்னொரு இடத்தில் உள்ள சொற்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை மட்டும்தான், யோசித்தது யார் என்பதை அது சொல்லாது. தம்பி கணக்கில் கெட்டி போலிருக்கிறது.

திட்டாதீர்கள், பயன் இல்லை. இரவு சாப்பிடும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: 'உன் கட்டுரையை ஒத்துக்கொள்ளாத ஆள் யாருப்பா, அவர் என்ன சொல்வார்?' எழுதியவனுக்குப் பதில் தெரியும். வாங்கிக் கொடுத்தவன் தோசையைப் பார்த்துக்கொண்டிருப்பான். இயந்திரம் எழுதித் தரும் கட்டுரையைக் கொஞ்சம் கவனித்தால், 'ஒருபுறம் நன்மைகள், மறுபுறம் சவால்கள்' என்று எல்லோருக்கும் நல்ல பிள்ளையாக இருக்கும், திருவண்ணாமலைப் பெண்ணின் ஆறு பக்கத்தைப் போலவே. அவள் சொந்தமாக எழுதினாள் என்பது பெரிய வித்தியாசம். இன்னொரு ஆபத்தையும் சொல்லிவையுங்கள். இல்லாத நூலை இருப்பதுபோலக் காட்டி மேற்கோள் கொடுக்கும் பழக்கம் இந்த இயந்திரங்களுக்கு உண்டு. 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி சொன்ன முன்தீர்ப்புகளை அப்படியே நீதிமன்றத்தில் கொடுத்தார்கள். அப்படி வழக்குகளே நடக்கவில்லை என்று தெரிந்து, 5,000 டாலர் அபராதம் விழுந்தது. படித்த வழக்கறிஞர்கள் கதியே இது.

எழுதி முடித்த பிறகு, 'இந்தக் கட்டுரையைக் கடுமையாக எதிர்த்துப் பேசு' என்று அதே இயந்திரத்திடம் கேட்கச் சொல்லுங்கள். அதற்கு அது நன்றாக உதவும். பதில் மட்டும் அவனே எழுத வேண்டும்.

கேள்வி: எனக்கு 52 வயது. அஞ்சல் வழியில் வரலாறு படிக்கிறேன். நீங்கள் சொல்வதெல்லாம் வீட்டில் வைத்து எழுதுவதற்குச் சரி. மூன்று மணி நேரத் தேர்வில் கட்டுரை வினாவுக்கு அரை மணிதான் கிடைக்கிறது. நான் நன்றாகத் தொடங்குகிறேன், கடைசியில் 'இவ்வாறாக' என்று எழுதி ஏதோ முடித்துவிடுகிறேன்.
(அரசுப் பேருந்து நடத்துநர், நாகர்கோவில்)

பதில்: 'சென்று தேய்ந்து இறுதல்' என்று இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள், நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்று. ஆற்றுநீர் கடைமடைக்கு வரும்போது வாய்க்காலில் ஈரம் மட்டும் மிஞ்சுகிற மாதிரி. காரணம் கையின் வேகம் என்று நினைக்கிறீர்கள். எங்கே போய் நிற்க வேண்டும் என்று தெரியாமல் புறப்பட்டதுதான் காரணம். கடைசி நிறுத்தம் தெரியாமல் யாருக்காவது டிக்கெட் கிழிப்பீர்களா?

அரை மணியில் முதல் ஐந்து நிமிடம் விடையை எழுதாதீர்கள். பக்கத்துப் பையன் அதற்குள் ஒரு பக்கம் தாண்டியிருப்பான், அவனைப் பார்க்காதீர்கள். இரண்டே வரி எழுதுங்கள். முதல் வரி, நான் கடைசியில் சொல்லப்போவது. இரண்டாவது வரி, 'ஆனால்' என்று தொடங்கி, அதை மறுப்பவர் சொல்வது. கட்டுரை முழுக்க அந்த இரண்டாவது வரியிலிருந்து முதல் வரிக்கு நடப்பதுதான். முடிவு பத்தியில் 'இவ்வாறாக' வேண்டாம், முன்பு சொன்னதையே திரும்பச் சொல்லவும் வேண்டாம், எதிராளிக்கு எதை விட்டுக்கொடுத்தீர்கள், எதை விடவில்லை என்று இரண்டு வாக்கியம் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுங்கள்.

அந்த இரண்டு வரியை விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் எழுதி, முடிந்ததும் குறுக்கே ஒரு கோடு அடித்துவிடுங்கள். வினாத்தாளில் மட்டும் எழுதாதீர்கள். பதிவெண்ணைத் தவிர அதில் எதையும் எழுதக் கூடாது என்பார்கள், அறைக் கண்காணிப்பாளர் கண்ணில் பட்டால் அவருக்கு விளக்கம் சொல்லவே அந்த அரை மணி போய்விடும்.